வாட்டுக்கு எத்தனை ரூபாய்?

சீட்டு எடுத்த பணம் 50,000 ரூபாய். 2025 மே மாதம் வடமதுரையில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தப் பணத்துக்கு என்ன வாங்குவது என்று பேசினோம். தங்கை மகன் திண்டுக்கல்லில் பாலிடெக்னிக் படிக்கிறான். நூல் மில்லில் வேலை பார்க்கும் அவன் அப்பா, கீபோர்டு ஒட்டிக்கொள்ளும் டேப் ஒன்றை யாரிடமோ பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"மச்சான், அது டேப்பும் ஆச்சு, லேப்டாப்பும் ஆச்சு. பஸ்ஸுல கையில எடுத்துட்டுப் போயிரலாம். படிக்கவும் செய்யட்டும், விளையாடணும்னா விளையாடட்டும்."

பையன் என்னைப் பார்த்தான். "மாமா, நீங்களே சொல்லுங்க. அதுல எங்க விளையாடுறது?"

இருவருமே தப்பாகப் பேசவில்லை. அதனால்தான் வாயால் தீர்ப்பு சொல்லாமல் நோட்டை எடுத்தேன். சிஸ்டத்தில் விளையாடிப் பழகியவர்களைக் கீபோர்டு டேப் ஏன் இழுக்கவில்லை என்பதைப் பழக்கம், பிடிவாதம், பாசம் என்றெல்லாம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரூபாயாகவும் வாட்டாகவும் எழுதிப் பார்த்தால் அது பிடிவாதமாகத் தெரிவதில்லை.

பழைய கணக்கிலிருந்து வருகிறேன். மைக்ரோசாஃப்ட் தன் சர்ஃபேஸ் டேப்பை அறிவித்தது 2012 ஜூன் 18 அன்று. கடைக்கு வந்தது அக்டோபர் 26, விண்டோஸ் 8 வெளியான அதே நாள். 10.6 அங்குலத் திரை, பின்னால் மடக்குக் கால், ஒட்டிக்கொள்ளும் கீபோர்டு. அமெரிக்க விலை 499 டாலர், கீபோர்டு தனி. அந்த முதல் வகையில் ஏஆர்எம் சிப் இருந்தது. அதில் அதற்கு முன் 20 ஆண்டுகளாகச் சேர்ந்த விண்டோஸ் கேம் ஒன்றுகூட ஓடாது. 2013 ஜூலையில் அந்த டேப்புகளுக்காக மட்டும் 90 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். இன்டெல் சிப் வைத்த சர்ஃபேஸ் ப்ரோ 2013 பிப்ரவரியில் வந்தது. 128 ஜிபி வகை 999 டாலர், எடை ஏறக்குறைய 900 கிராம், உள்ளே 17 வாட் சிப். பழைய கேம்கள் ஓடின, புதியவை திணறின.

விளையாட்டுக்கென்றே ஒரு டேப்பையும் அதே ஆண்டு ரேசர் நிறுவனம் செய்து பார்த்தது. ரேசர் எட்ஜ் என்று பெயர். 10.1 அங்குலத் திரை, 17 வாட் ப்ராசஸர், கூடவே என்விடியாவின் ஜிடி 640எம் எல்இ கிராபிக்ஸ். ப்ரோ வகை 1,299 டாலர், அன்றைய மதிப்பில் 70,000 ரூபாய்க்குச் சற்று மேல். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கன்ட்ரோலர் 249 டாலர் தனி. டேப்புக்குள் இருந்த பேட்டரி 41 வாட்-மணி. முயற்சி நேர்மையானது, தேவைப்பட்ட சிப் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை.

சிஸ்டம் கேமர்களின் பக்கத்திலிருந்து வந்த பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் 2012லேயே விண்டோஸ் 8ஐ வெளிப்படையாக எதிர்த்தார். கம்ப்யூட்டரை டேப் ஆக்கும் அந்த முயற்சியில், எல்லாம் ஒரே கடைக்குள் அடைபட்டுவிடும் என்பது அவர் கவலை. வால்வ் 2013 செப்டம்பரில் லினக்ஸ் அடிப்படையில் ஸ்டீம்ஓஎஸ் அறிவித்தது. 2018ல் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டான் வந்தது. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் வந்தது: 669 கிராம், 40 வாட்-மணி பேட்டரி, 399 டாலர். பத்து ஆண்டு சுற்றி வந்து கேமர்கள் கையில் ஏந்தியது டேப் போன்ற திரையைத்தான். ஆனால் அதில் கீபோர்டு இல்லை, இரு பக்கமும் பொத்தான்கள் இருந்தன.

இனி எங்கள் ஊர்க் கணக்கு.

வடமதுரை திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிறது. சௌந்தரராஜப் பெருமாள் கோயிலும், சுற்றிலும் நூல் மில்களும், பக்கத்து அய்யலூரின் ஆட்டுச் சந்தையும் தெரிந்தவர்களுக்கு ஊரும் தெரியும். எங்கள் வயதுக்காரர்கள் சிஸ்டத்தில் விளையாடக் கற்றது பிரவுசிங் சென்டரில். மணிக்கு 20 ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி ஓட்டினோம். 2003ல் கம்ப்யூட்டருக்கு வந்த அந்த கேமுக்குக் குறைந்தபட்சத் தேவை 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 128 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ், 915 எம்பி இடம். அதற்குப் பின் வந்த பிள்ளைகள் கற்றது அரசு லேப்டாப்பில். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது. முதல் தவணையில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வைஸ் சிட்டி கேட்ட ரேமைப் போல் 16 மடங்கு. எந்த டெண்டரிலும் கேம் என்ற சொல் இருந்திருக்காது. இருந்தும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் பிசி கேம் அதில்தான் ஓடியது. அந்த லேப்டாப்பைத் திறந்து ரேம் மாற்றியவர்கள், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். திறந்து மாற்றலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது. என் மருமகனும் அந்த வழியில் வந்தவன்தான்.

நோட்டில் முதல் பக்கம் அசெம்பிள் செய்யும் சிஸ்டம். 2025 மே மாதம் நான் விசாரித்து எழுதிய விலைகள் இவை. ரைசன் 5 5600 ப்ராசஸர் 11,000. போர்டு 8,000. 16 ஜிபி ரேம் 3,200. 1 டிபி எஸ்எஸ்டி 5,000. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 25,000. பவர் சப்ளை 4,500. கேபினெட் 3,500. இதுவரை 60,200. 24 அங்குல மானிட்டர் 9,500, கீபோர்டும் மவுஸும் 1,500, யூபிஎஸ் 3,500. மொத்தம் 74,700 ரூபாய். சீட்டுப் பணத்தைவிட 24,700 அதிகம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இரண்டாம் பக்கம் கீபோர்டு டேப். இங்கே பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. மைக்ரோமேக்ஸ் 2015ல் 14,999 ரூபாய்க்கு கேன்வாஸ் லேப்டேப் கொண்டுவந்தது. 2 ஜிபி ரேம், 32 ஜிபி இடம். அதே 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5க்கு 4 ஜிபி ரேமும் 65 ஜிபிக்கு மேல் இடமும் வேண்டும். மறுபக்கம், 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த சர்ஃபேஸ் ப்ரோ 4 தொடங்கிய விலை 89,990. சிப் 15 வாட், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கேம் ஓட்டவே செய்த டேப் என்றால் ஏசஸ் ஆர்ஓஜி ஃப்ளோ இசட்13. 2022ல் முதல் வகை, 2025ல் ஏஎம்டி ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 சிப்புடன் புது வகை. அது வந்தபோது இந்திய விலை 1,99,990 ரூபாய். மாப்பிள்ளை சொன்ன பொருள் உலகத்தில் இல்லை என்று சொல்லமாட்டேன். 50,000க்குக் கிடைக்கும் டேப்பில் அவன் விளையாட முடியாது. அவன் விளையாட முடிகிற டேப்புக்கு நாலு சீட்டு எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

பணம் இருக்கிறவருக்காவது அது கட்டுபடியாகுமா? அதற்குத்தான் வாட் கணக்கு. கேம் என்பது கடைசியில் மின்சாரத்தைப் படமாக மாற்றும் வேலை. சிப் எத்தனை வாட் தின்ன முடியும், அந்தச் சூட்டை எத்தனை நேரம் வெளியே தள்ள முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த சிஸ்டத்தில் ப்ராசஸருக்கு 65 வாட், கார்டுக்கு 170 வாட், ஆக 235. 74,700ஐ 235ஆல் வகுத்தால் வாட்டுக்கு 318 ரூபாய். மானிட்டரும் யூபிஎஸ்ஸும் சேர்த்தே இந்தக் கணக்கு. புது ஃப்ளோ இசட்13ன் சிப் உச்சமாக 120 வாட் வரை போகும். 1,99,990ஐ 120ஆல் வகுத்தால் வாட்டுக்கு 1,667. ஆனால் இப்படியே நிறுத்தினால் டேப்புக்கு அநியாயம். 3060 கார்டு 2021ல் வந்த பழைய 8 நானோமீட்டர் சரக்கு. டேப்பில் இருப்பது அதைவிடச் சிக்கனமான புதுத் தலைமுறை. ஒரு வாட்டில் இரண்டு மடங்கு வேலை வாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 833. சிஸ்டத்தைவிட இரண்டரை மடங்குக்கு மேல். சர்ஃபேஸ் ப்ரோ 4ஐ இதே தராசில் வைத்தால் வாட்டுக்கு 6,000 ரூபாய் வரும். அது கேமுக்குச் செய்த பொருளே அல்ல என்பதால் அதைத் தீர்ப்பாகச் சொல்லவில்லை, அளவு தெரியட்டும் என்று சொல்கிறேன்.

டேப்பின் தனிச்சிறப்பு பேட்டரி என்பார்கள். ஃப்ளோ இசட்13ல் 70 வாட்-மணி இருக்கிறது. முழு வேகத்தில் 120 வாட் எடுத்தால் 35 நிமிடம், திரையைக் கணக்கில் சேர்க்காமலே. பாதி வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம் சொச்சம். பேட்டரியைப் பெரிதாக்கலாமே என்றால், 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமானத்தில் தனி அனுமதி கேட்பார்கள். ஆகையால் எந்தக் கம்பெனியும் அந்தக் கோட்டைத் தாண்டாது. எந்த ஊர்க் கடையில் எத்தனை லட்சம் கொடுத்து வாங்கினாலும், 100 வாட்டில் விளையாடுகிறவன் ஒரு மணி நேரத்துக்குள் சுவரில் செருகியாக வேண்டும். சுவரில் செருகிவிட்டால் அது டேப் இல்லை, சின்னத் திரை வைத்த சிஸ்டம்.

எவ்வளவு சின்னத் திரை என்பதையும் அளந்தேன். 24 அங்குல மானிட்டரின் பரப்பு 246 சதுர அங்குலம். ஃப்ளோவின் 13.4 அங்குலத் திரை 81. மூன்றில் ஒரு பங்கு. தூரத்துச் சன்னலில் நிற்கும் எதிரியின் தலை மானிட்டரில் மிளகு அளவு தெரிந்தால் இதில் கடுகு. மவுஸ் வேண்டும், டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகளில் மூன்று விரல் பதிய வேண்டும், முழங்கை ஊன்ற இடம் வேண்டும். தொடுதிரைக்கு ஏற்ற பிசி கேம்களும் உண்டு. சிவிலைசேஷன் 5க்கு 2012லேயே விண்டோஸ் 8 தொடுதிரை வசதி கொடுத்தார்கள், நகர்த்தி நகர்த்தி யோசிக்கும் அந்த ஆட்டத்துக்கு விரல் பொருந்தும். கவுண்டர் ஸ்ட்ரைக்கும் வேலரன்ட்டும் ஆடுகிறவனுக்கு விரல் ஆகாது. மடக்குக் காலை விரித்துக் கீபோர்டை ஒட்டினால் மேஜை வேண்டியிருக்கிறது. மேஜை இருக்கும் இடத்தில் எடை குறைந்து என்ன பயன்?

இதில் எனக்குச் சொந்தக் காயம் ஒன்று உண்டு. 2016ல் கீபோர்டு ஒட்டும் டேப் ஒன்றை 17,500 கொடுத்து வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். 14 மாதத்தில் சார்ஜ் ஏறும் துளை ஆட்டம் கொடுத்தது. சர்வீஸ் சென்டரில், துளை தனியாக வராது, போர்டையே மாற்ற வேண்டும், 9,800 ஆகும் என்றார்கள். அதாவது 10 ரூபாய்ச் சாமான் கெட்டதற்கு விலையில் 56 சதவீதம். மூன்று நாள் யோசித்துவிட்டு அதை அலமாரியில் வைத்தேன். மாதக் கணக்குப் போட்டால் 17,500ஐ 14ஆல் வகுக்க, மாதம் 1,250 ரூபாய் வாடகை கொடுத்தது போல ஆயிற்று. என் தங்கை அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அவள் வீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசும்போது அந்த அலமாரிதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அது என் ஒருவனின் துரதிர்ஷ்டம் அல்ல. பொருட்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் தரும் ஐஃபிக்ஸிட் 2013ல் சர்ஃபேஸ் ப்ரோவுக்குக் கொடுத்தது 10க்கு 1. உள்ளே 90க்கும் மேற்பட்ட திருகுகள், திரையும் பேட்டரியும் பசையில். பின்வந்த சர்ஃபேஸ்கள் இதில் நன்றாகத் தேறிவிட்டன. 2024ன் ப்ரோவுக்கு 8 மதிப்பெண். அந்த மாற்றத்தை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த 2024 ப்ரோ திரும்பவும் ஏஆர்எம் சிப்பில் வந்தது, இந்தியாவில் 1,16,999 ரூபாயில் தொடங்கியது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க வேலரன்ட் கேட்கும் காவல் நிரல் அதில் ஓடாததால் வேலரன்ட்டும் ஓடவில்லை. இலவச கேம், 4 ஜிபி ரேமும் 2012ன் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸும் இருந்தாலே ஓடுகிற கேம். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் ஆடுவதை லட்ச ரூபாய்ப் பொருளில் ஆட முடியவில்லை. ஃப்ளோ இசட்13ல் எஸ்எஸ்டியை மாற்றலாம்; ரேம் போர்டோடு பற்றவைத்தது. வாங்கிய அன்று எவ்வளவோ, கடைசி வரை அவ்வளவுதான்.

மில் ஊர்க்காரனுக்கு இன்னொரு செலவும் தெரியும். பஞ்சுத் தூசி. துணியில் ஒட்டி வீட்டுக்குள் வரும், காற்றாடியில் சுற்றிக்கொள்ளும், சூடு ஏறும், கேம் லேக் அடிக்கும். சித்திரை வெயிலில் அறைச் சூடே 35க்கு மேல் நிற்கிறபோது காற்றாடி அடைத்தால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கேபினெட்டுக்குப் பக்கவாட்டில் நாலு திருகு. கழற்றி, ஊதி, பிரஷ்ஷால் தட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும், செலவு பூஜ்யம். விரல் தடிமன் டேப்பின் உள்ளே இருக்கும் காற்றாடியை வீட்டில் திறக்க எனக்குத் துணிவு இல்லை.

டேப்பின் பக்கத்தில் வரவு எதுவும் இல்லையா? இருக்கிறது, எழுதியும் வைத்தேன். சிஸ்டம் மானிட்டரோடு 300 வாட் என்று வைத்தால், தினம் 3 மணி நேரம், 60 நாளில் 54 யூனிட். டேப்புக்கு 130 வாட் வைத்தால் 23.4 யூனிட். 2024 ஜூலைக் கட்டணத்தில் 201 முதல் 400 யூனிட் வரை 4 ரூபாய் 80 காசு. இரண்டு மாதத்துக்கு 259 ரூபாய்க்கு எதிரே 112. வித்தியாசம் 147. வருடத்துக்கு 881, ஐந்து வருடத்துக்கு 4,406. டேப்புக்கு யூபிஎஸ் வேண்டாம். கரண்ட் போனால் அதன் பேட்டரியே தாங்கும், அந்த 3,500ஐயும் சேர்த்தால் 7,906. விலை வித்தியாசமோ 1,25,290.

எடை உண்மையான வரவு. ஃப்ளோ கீபோர்டு இல்லாமல் 1.2 கிலோ, சாதாரண கேமிங் லேப்டாப் 2.3 கிலோ, அதன் சார்ஜர் செங்கல் மாதிரி தனி. ஷிஃப்டுக்கு ஒரு ஊர், ஹாஸ்டலுக்கு ஒரு ஊர் என்று அலைகிறவருக்கு, பகலில் படம் வரைந்து இரவில் கேம் ஆடும் வடிவமைப்பாளருக்கு இந்த 1.1 கிலோ குறைவு பெரிது. அவர்களுக்கு அந்தப் பொருள் நல்ல பொருள். வாங்குகிறவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அலைகிற கேமர்களிலும் பலர் கையடக்கக் கருவிக்கே போனார்கள். ஏசஸ் 2023 ஜூலையில் ஆர்ஓஜி அலையை இந்தியாவில் 69,990க்கு விற்றது. 608 கிராம், 30 வாட், வாட்டுக்கு 2,333 ரூபாய். நம் தராசில் அது ஃப்ளோவைவிடவும் மோசம். இருந்தும் வாங்கினார்கள். அதை வாங்கியவர் வீட்டில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு சிஸ்டம் இருக்கும். இது இரண்டாவது பொருள். இரண்டாவது பொருளுக்கு வாட் கணக்கு யாரும் பார்ப்பதில்லை. கீபோர்டு டேப் மட்டும் ஒரே பொருளாக இருந்து எல்லாவற்றையும் செய்வதாக வாக்குக் கொடுக்கிறது, அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

அரசும் இந்த முச்சந்திக்கு வந்தது. 2025 மார்ச் 14 அன்று படித்த பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ஒதுக்கினார்கள். 10 லட்சம் பேருக்கு என்றால் தலைக்கு 20,000 ரூபாய். 2026 ஜனவரி 5 அன்று 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் கொடுக்கத் தொடங்கியபோது வந்தவை மடிக்கணினிகள்: இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. படிக்கிற பிள்ளைக்கு அது சரியான முடிவு என்று நினைக்கிறேன். வேலரன்ட் கேட்கும் ரேமைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறது. எந்த டெண்டரிலும் அது எழுதப்படாவிட்டாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பாக்கி இருந்தது அந்த 24,700. டேப்பிடம் இல்லாத ஒரு வசதி சிஸ்டத்திடம் உண்டு: அரை வீடு கட்டிக் குடிபோகலாம். ரைசன் 5 5600க்குப் பதில் 5600ஜி வாங்கினால் விலை கிட்டத்தட்ட அதே; உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது, கார்டு இல்லாமலே திரையில் படம் வரும். எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான், கார்டு போட்ட பிறகு கொஞ்சம் வேகம் குறையும். அதை ஏற்றுக்கொண்டால் 74,700ல் 25,000 கழிந்து 49,700. வேலரன்ட் ஓடும், ஆட்டோகேட் ஓடும். கார்டு பிறகு. அந்த போர்டில் ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டும் பிறகு மாற்றிக்கொள்ள இடம் தருவதே. 2017ன் முதல் ரைசனுக்கு வந்த அதே சாக்கெட்டில் 2022ன் 5800எக்ஸ்3டியும் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை நோட்டை வாங்கி, கூட்டல்களை விரல்விட்டு ஒருமுறை சரிபார்த்தார். மில் கணக்கில் பழகியவர். "கார்டு தீவாளி போனஸ்ல பாத்துக்கலாம்" என்றார்.

ஜூன் முதல் ஞாயிறு மூன்று பேரும் திண்டுக்கல் போய்ப் பெட்டிகளோடு திரும்பினோம். 49,700 போக மீதி 300 ரூபாய்; மூன்று பேருக்கு டீயும் பஸ் டிக்கெட்டும் போக 140 நின்றது. கேபினெட்டைத் திறந்து வைத்து, காலியாக இருந்த நீளமான ஸ்லாட்டைப் பையன் அப்பாவுக்குக் காட்டினான். கார்டு வருகிறது அங்கேதான்.